ஆறடிக்கு நாலடி

பாலத்து முனையில் பலகை ஒன்று நடப்போகிறார்களாம்.
ஆறடிக்கு நாலடி.
"ஊரின் புவியியல், வரலாறு. சுருக்கமாக"
என்று கடிதத்தில் குறித்த செயலாளர்
கீழே என் பெயரைப் போட்டிருந்தார்:
மஸாஹிரா, முகாமைத்துவ உதவியாளர், பிரதேச சபை.
மூன்று மொழி. எனக்கு வாய்த்தது
மூன்றில் ஒரு பங்குப் பலகை.

எழுத்துக்கு நாற்பது ரூபா என்றார் பெயின்டர் கோணலிங்கம்.
"மெய்யெழுத்தென்றால்?"
"அதே விலைதான் தங்கச்சி. புள்ளிக்குக் காசில்லை."

மகாவலி கடலைத் தொடும் இடத்தில் எங்கள் ஊர்
என்று தொடங்கி, உடனே அடித்தேன்.
தொடும் இடம் என்று ஒன்றா இருக்கிறது?
மாரியில் மணல்திட்டை உடைத்துக்கொண்டு
வடக்கே வாய் திறக்கும்.
பங்குனியில் அதை மூடிவிட்டு
இறால்குழிப் பக்கம் போய் நின்று யோசிக்கும்.
நில அளவையாளர் வரைந்த நீலக்கோடு
போன வருசத்து ஆறு.

நானுஓயாவில் கழுவுண்ட மண்
எங்கள் வீட்டு அடிவளவில் கிடக்கிறது.
தேயிலை வாசம் இல்லை; முகர்ந்து பார்த்திருக்கிறேன்.
கடலுக்குள் போன பிறகும் அது ஓய்வதில்லை.
கொட்டியாரக் குடாவின் அடியில்
ஒரு மலையைக் கவிழ்த்து எடுத்ததுபோல் பள்ளம்,
நங்கூரம் தரை காணாமல்
கப்பற்காரர் கயிற்றைத் திரும்ப இழுத்த இடம்.
இவ்வளவையும் சுருக்கினால் நூற்றிருபது எழுத்து.
நாலாயிரத்து எண்ணூறு ரூபா.
வரலாறு இன்னும் தொடங்கவில்லை.

பாய்மரம் முறிந்து ஒதுங்கிய வெள்ளைக்காரரை
மன்னனின் ஆட்கள் மலைக்குக் கொண்டுபோன கதையை
எல்லாரும் எழுதச் சொல்கிறார்கள்.
அன்று அவர்களுக்குக் கஞ்சி வார்த்தது யாரென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
கோட்டை, எண்ணெய்த் தாங்கி, குண்டு விழுந்த சித்திரை
எல்லாம் அக்கரை நகரத்தின் பலகைக்கு.
அவர்களிடம் துறைமுகம் இருக்கிறது.
எங்களிடம் இருந்தது லோஞ்ச் நேரம்.

பிறகு, பாதை.
பாலம் வருமுன் ஆற்றைக் கடத்திய மிதவைக்கு
இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.
கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
பாதை எங்கே என்று கேட்க,
அக்கரையில் நிற்குது, வரும் என்றார்களாம்.
பாதை வரும்வரை
குந்தியிருந்த ஊர் நாங்கள்.
உர மூடை, மையத்து, கலியாணச் சட்டி,
பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள்,
ஒரு தடவை என் உம்மாவும் இடுப்பு வலியோடு.
நான் அவ்விடத்திலேயே பிறந்துவிட்டேன்.
அக்கரையா இக்கரையா என்று பதிவாளர் கேட்டதற்கு
நடுவில் என்றாராம் வாப்பா.
பிறந்த இடம்: கங்கை.
அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில்
இந்தியாவா என்று கேட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறை எப்படி எழுதுவது?
இலக்கமாய் எழுதினால் நாலு, நூற்றறுபது ரூபா.
எழுத்தில் என்றால் கடைசியில் ஆறு வரும்.
கோணலிங்கம் தூரிகையைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார்.
அந்த ஆவணியில் நாங்கள் கந்தளாய்க்கு நடந்தோம்.
அவர் வீட்டார் வெருகல் பக்கம்.
அவர் மகன் எவ்வளவு தூரம் நடந்தான் என்று
இன்றுவரை நான் கேட்டதில்லை.
"அதை விடுங்கோ" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"இல்லை, போடுங்கோ. இலக்கத்தில."

செயலாளர் அதை வெட்டினார்.
இறால்குழியை வெட்டினார்.
பாலத்தின் நீளமும் திறந்த திகதியும் சேர்ந்தன.
பாதை என்ற சொல் தப்பியது;
வீதி என்று நினைத்திருப்பார்.

நட்ட அன்று போய்ப் பார்த்தேன்.
எழுத்துகளைச் சுற்றி நீலத்தில் ஒரு கரை,
வளைந்து, தடித்து, மெலிந்து.
கோட்டுக்குக் காசில்லை என்றார்.
வடக்கு மூலையில் மூடாமல் விட்டிருந்தார்.
ஏன் என்று கேட்டேன்.
"மாரி வரட்டும்."